செய்தியாளர் எந்தச் சொல்லைப் போட்டிருப்பார்? – வணிகச் செய்தித் தேடல் குறித்து வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் வணிகச் செய்தித் தரவுத்தளங்களைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களும் மின்னஞ்சல்களும் இந்த இதழின் பக்கங்களை முழுதாக எடுத்துக்கொண்டுவிட்டன. என்னைத் தெரியாத புது வாசகர்களுக்காக ஒரு வரி: ஆங்கில வணிக நாளிதழ் ஒன்றின் செய்தி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நிருபர்கள் கேட்கும் பழைய செய்தியைத் தேடி எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. முதலில் வெட்டி ஒட்டிய காகித உறைகளில் தேடினோம், பிறகு கணினிக்கு மாறினோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கல்லூரி நூலகத்தில் ஃபேக்டிவா என்ற செய்தித் தரவுத்தளம் இருக்கிறது. ப்ராஜெக்ட்டுக்காக டைட்டன் நிறுவனத்தின் பெயரைப் போட்டால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டுகிறது. அதில் பாதி கடலுக்குள் நொறுங்கிய நீர்மூழ்கியைப் பற்றியது. எப்படிக் குறைப்பது, மேடம்?
– எம்பிஏ மாணவி, கோவை

நல்ல உதாரணத்தோடு வந்திருக்கிறீர்கள். 2023 ஜூன் 18 அன்று டைட்டானிக் சிதைவைப் பார்க்கப்போன நீர்மூழ்கிக்கும் டைட்டன் என்றுதான் பெயர். சனிக்கோளின் பெரிய நிலவுக்கும் அதே பெயர். கணினிக்கு ஓசூர் கைக்கடிகாரமும் அட்லாண்டிக் கடலும் ஒன்றுதான்.

தேடல் பெட்டியில் கை வைப்பதற்கு முன்பு ஒரு விஷயத்தை யோசியுங்கள். உங்களுக்கு வேண்டிய செய்தியை எழுதிய நிருபர் முதல் வரியை எப்படி எழுதியிருப்பார்? செய்தி ஒரு நிறுவனத்தைப் பற்றியது என்றால் அந்தப் பெயர் தலைப்பிலோ முதல் பத்தியிலோ வந்தே தீரும். நிருபர்கள் அப்படித்தான் பழகியிருக்கிறார்கள். ஒன்பதாவது பத்தியில் டைட்டன் என்று வந்தால் அது பங்குச் சந்தை நிலவரமாகவோ, வேறொரு நகைக்கடைச் செய்தியில் போகிறபோக்கில் வந்த குறிப்பாகவோ இருக்கும். ஆகவே தலைப்பிலும் முதல் பத்தியிலும் மட்டும் தேடச் சொல்லுங்கள். ஃபேக்டிவாவில் சொல்லுக்கு முன்னால் எச், எல், பி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும் சமக்குறியையும் போட்டால் போதும். தலைப்பு மட்டும் என்றால் எச், டி. இந்த ஒன்றைச் செய்தாலே குவியலில் பெரும்பகுதி கழிந்துவிடும்.

அடுத்தது நிறுவனக் குறியீடு. தரவுத்தளம் ஒவ்வொரு செய்திக்கும் இது எந்த நிறுவனம், எந்தத் துறை, எந்த நாடு, என்ன விஷயம் என்று ஒட்டுச்சீட்டு போட்டு வைத்திருக்கிறது. பக்கவாட்டில் உள்ள நிறுவனப் பட்டியலில் டைட்டன் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தால் நீர்மூழ்கி தானாகவே போய்விடும். அப்புறம் 'விஷயம்' என்ற பட்டியலுக்குப் போய் காலாண்டு முடிவுகள், நிர்வாக மாற்றங்கள், நிறுவன இணைப்புகள் என்று உங்களுக்கு வேண்டியதை எடுங்கள். பெரிய, பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு இந்தச் சீட்டுகளை நம்பலாம். சின்ன நிறுவனம் என்றால் நான் சீட்டை நம்பமாட்டேன், பெயரைப் போட்டும் ஒருமுறை தேடிவிடுவேன்.

இன்னொரு வசதி பலருக்குத் தெரிவதில்லை. ஒரு சொல் குறைந்தது இத்தனை முறை வரவேண்டும் என்று கேட்கலாம். 'அட்லீஸ்ட்' என்பதோடு ஒட்டி 5 என்று போட்டு டைட்டன் என்று எழுதினால், ஐந்து முறையாவது டைட்டன் வரும் செய்தி மட்டும் கிடைக்கும். ஆழமான கட்டுரைகளைப் பிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

உங்கள் ப்ராஜெக்ட் நகை வியாபாரத்தைப் பற்றியது என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் டைட்டன் என்ற பெயர் மட்டும் போதாது. நிருபர் டைட்டனின் நகைப் பிராண்டுகளான தனிஷ்க் என்றோ காரட்லேன் என்றோதான் தலைப்பு போட்டிருப்பார். காரட்லேனில் மீதமிருந்த 27.18 சதவீதப் பங்கை 4,621 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக 2023 ஆகஸ்டில் டைட்டன் அறிவித்தது. அந்தச் செய்தியிலிருந்து தொடங்குங்கள், ஆரம்பத்திலிருந்து நடந்த கதையை அதிலேயே சுருக்கிச் சொல்லியிருப்பார்கள். 2013-க்கு முந்தைய செய்திகளுக்கு 'டைட்டன் இண்டஸ்ட்ரீஸ்' என்ற பழைய பெயரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சுந்தரம் கிளேட்டன் பற்றி ஒரு கட்டுரைக்குத் தகவல் தேடினேன். பழைய செய்தியும் புதிய செய்தியும் ஒன்றோடொன்று பொருந்தவே மாட்டேன் என்கின்றன. தரவுத்தளத்தில் தவறா?
– இளம் நிருபர், சென்னை

தவறு இல்லை, அவை இரண்டு வேறு நிறுவனங்கள். பழைய சுந்தரம் கிளேட்டன் 2023-ல் டிவிஎஸ் ஹோல்டிங்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதன் வார்ப்பு உதிரிபாகத் தொழில் சுந்தரம் கிளேட்டன் டிசிடி என்ற தனி நிறுவனத்துக்குப் போனது. பிறகு அந்தப் புதிய நிறுவனம் சுந்தரம் கிளேட்டன் என்ற பழைய பெயரை எடுத்துக்கொண்டது. ஆக 2022 செய்தியில் வரும் சுந்தரம் கிளேட்டனும் இன்றைய செய்தியில் வரும் சுந்தரம் கிளேட்டனும் ஒன்றல்ல. 2023-ஐக் கோடாக வைத்து இரண்டு தேடலாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் நிறுவனங்களில் இது அடிக்கடி நடப்பதுதான். மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 2000-ல் சென்னை பெட்ரோலியம் ஆனது. மெட்ராஸ் சிமெண்ட்ஸ் 2013-ல் ராம்கோ சிமெண்ட்ஸ் ஆனது. முருகப்பா குழுமத்தின் ட்யூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் விஷயத்திலும் சுந்தரம் கிளேட்டன் மாதிரியே நடந்தது. 2017-ல் தொழிற்சாலைகள் தனி நிறுவனத்துக்குப் போய் அந்தப் பெயரையும் எடுத்துக்கொண்டன. பழைய நிறுவனம் இன்று சோழமண்டலம் ஃபைனான்ஷியல் ஹோல்டிங்ஸ். ஸோஹோவும் 2009 வரை அட்வென்ட்நெட்தான்.

எழுத்துக்கூட்டல் சிக்கல் இன்னொன்று. சுந்தரம் ஃபாஸ்னர்ஸின் ஆங்கிலப் பெயரில் 'டி'-க்கும் 'ஆர்'-க்கும் நடுவில் 'ஏ' கிடையாது. சுந்தரம் ஃபைனான்ஸுக்கு உண்டு. நூலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுத்தது இதைத்தான். 'ஏ'-யைச் சேர்த்துத் தேடினால் ஃபாஸ்னர்ஸ் செய்தி, ஏதோ ஒரு நிருபர் தவறாக எழுதியது தவிர, எதுவும் வராது. ஒன்றுமே இல்லை என்று நினைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவோம்.

ஒரு நிறுவனத்தைப் பற்றி எழுதப்போகிறீர்கள் என்றால் முதலில் அதன் சமீபத்திய ஆண்டறிக்கையை எடுங்கள். மும்பை பங்குச் சந்தையான பிஎஸ்இ-யின் ஆறு இலக்க எண்ணும் 21 எழுத்து கொண்ட நிறுவனப் பதிவு எண்ணும் அதில் இருக்கும். பெயர் மட்டும் மாறினால் பிஎஸ்இ எண் மாறுவதில்லை. பதிவு எண்ணின் முதல் எழுத்து பட்டியலிடப்பட்டதா இல்லையா என்று சொல்லும். நடுவில் வரும் நான்கு இலக்கம் நிறுவனம் பதிவான ஆண்டு. பெயர் பழையதாக இருந்து அந்த ஆண்டு மட்டும் புதிதாக இருந்தால், ஏதோ பிரிப்பு நடந்திருக்கிறது என்று அங்கேயே புரிந்துவிடும்.

தேடல் சொற்களை இணைக்கும் ஆண்ட், ஆர், நாட் மூன்றில் எதை எப்போது போடுவது?
– பெயர் குறிப்பிடாத வாசகர்

ஒரே பொருளுக்கு உள்ள பல சொற்களை 'ஆர்' போட்டு அடைப்புக்குறிக்குள் வையுங்கள். வெவ்வேறு பொருள்களை 'ஆண்ட்' போட்டு இணையுங்கள். அடைப்புக்குறியை மறந்தால் கணினி தன் இஷ்டத்துக்குச் சேர்த்துக்கொள்ளும்.

'நாட்' எனக்குப் பிடிக்காது. நீர்மூழ்கி என்ற சொல் வரும் எதுவும் வேண்டாம் என்று சொன்னால், அன்றைய முக்கியச் செய்திகளைத் தொகுத்துப் போட்ட நல்ல கட்டுரையும் சேர்ந்து போய்விடும். போனது என்ன என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதற்குப் பதிலாக அருகருகே வரவேண்டும் என்று கேளுங்கள். ஃபேக்டிவாவில் 'நியர்' என்பதோடு எண்ணைச் சேர்த்துப் போட்டால் இரண்டு சொற்களும் அத்தனை சொல் இடைவெளிக்குள் வரவேண்டும் என்று பொருள். ப்ரோக்வெஸ்ட் என்ற தரவுத்தளத்தில் 'நியர்', சாய்கோடு, எண். எப்ஸ்கோ என்ற இன்னொன்றில் 'என்' எழுத்தும் எண்ணும். நம் பக்கத்துப் பெயர்களுக்கு இது அவசியம். டாட்டா சன்ஸ் தலைவரை ஒருவர் என். சந்திரசேகரன் என்பார், இன்னொருவர் நடராஜன் சந்திரசேகரன் என்பார், மூன்றாமவர் வெறும் சந்திரசேகரன் என்பார். சந்திரசேகரன், டாட்டா இரண்டும் பத்துச் சொல்லுக்குள் வரட்டும் என்றால் மூன்றும் சிக்கும்.

சொல்லின் வாலை வெட்டிவிட்டு நட்சத்திரக் குறி போடும்போது மட்டும் கவனம். பேங்க் என்று எழுதி நட்சத்திரம் போட்டால் பேங்கர், பேங்கிங் எல்லாம் வரும், கூடவே திவாலைக் குறிக்கும் பேங்க்ரப்ட்சியும் வந்து நிற்கும்.

கரூரில் படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்கிறேன். அமெரிக்க பையர் ஆடிப்போயிருக்கிறாரா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். மாதச் சந்தா கட்டும் வசதி இல்லை. வழி உண்டா, அம்மா?
– ஏற்றுமதியாளர், கரூர்

உண்டு. உங்கள் பையர் அமெரிக்கப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டவர் என்றால் காசு கொடுக்காமலே நல்ல தகவல் கிடைக்கும். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் எட்கர் என்ற தளத்தை நடத்துகிறது. 2001 முதல் தாக்கலான ஆவணங்களை அதில் சொல் சொல்லாகத் தேடலாம். கட்டணம் இல்லை, பதிவும் வேண்டாம்.

நடந்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன். பெட் பாத் அண்ட் பியாண்ட் என்ற பெரிய கடைச் சங்கிலி 2023 ஏப்ரல் 23 அன்று திவால் பாதுகாப்பு கேட்டு மனு போட்டது. ஆனால் ஜனவரி 5-ஆம் தேதியே, தொடர்ந்து தொழில் நடத்த முடியுமா என்பதில் கணிசமான சந்தேகம் இருப்பதாக அந்த நிறுவனமே அறிவித்துவிட்டது. காலாண்டு அறிக்கையை உரிய நேரத்தில் தரமுடியாது என்றும் சொன்னது. நடுவில் மூன்றரை மாதம். ஒரு கண்டெய்னரை நிறுத்திவைக்க அது போதுமான காலம்.

நீங்கள் தேட வேண்டிய சொற்கள் இங்கே வேறு. நாம் 'பேமெண்ட் லேட்' என்று நினைப்போம், அங்கே அப்படி எழுதமாட்டார்கள். ஆவணங்களில் 'கோயிங் கன்சர்ன்', 'சப்ஸ்டான்ஷியல் டவுட்' என்று வரும். செய்தியில் 'சாப்டர் 11' (திவால் பாதுகாப்பு), 'ஸ்டோர் க்ளோஷர்ஸ்' (கடை மூடல்), 'லிக்விடிட்டி' (கைப்பணப் புழக்கம்) என்று வரும். உங்களை அவர்கள் சப்ளையர் என்று சொல்வதைவிட 'வெண்டார்' என்று சொல்வதுதான் அதிகம். பையரின் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு, வெண்டார், பேமெண்ட்ஸ் இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள். மேற்கோள் குறி முக்கியம், ஏனென்றால் பெட், பாத், பியாண்ட் எல்லாமே சாதாரணச் சொற்கள், நடுவில் ஒரு 'அண்ட்' வேறு. அதைத் தரவுத்தளம் தேடல் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளும். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர், லார்சன் அண்ட் டூப்ரோ போன்ற பெயர்களுக்கும் இதையே செய்யுங்கள்.

ஆவண வகைகளில் உங்களுக்கு மூன்றுதான் வேண்டும். 8-கே என்பது முக்கிய நிகழ்வு அறிவிப்பு, பெரும்பாலும் நான்கு வேலை நாளுக்குள் வந்துவிடும். 10-க்யூ காலாண்டு அறிக்கை. முன்னால் என், டி என்ற எழுத்துகளோடு வந்தால் 'அறிக்கை தாமதமாகும்' என்ற அறிவிப்பு. அந்த மூன்றாவது வகையைப் பார்த்த அன்றே பையருக்கு ஃபோன் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பெட் பாத் திவாலான பிறகு அந்தப் பெயரை ஓவர்ஸ்டாக் என்ற இணையக் கடை வாங்கிக்கொண்டது. இன்று அதே பெயரில் வரும் செய்தியை வைத்துப் பழைய பாக்கியைக் கணக்குப் பண்ணக்கூடாது. உங்கள் பையர் தனியார் நிறுவனம் என்றால் எட்கரில் இருக்கமாட்டார். அப்போது ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனமான இசிஜிசி அந்தப் பையருக்கு என்ன வரம்பு கொடுக்கிறது என்று கேட்பதுதான் உருப்படியான வழி.

எங்கள் ஊர்த் தொழில் செய்திகளைத் தொகுக்கிறேன். தூத்துக்குடி என்று தேடினால் பழைய செய்தி வருவதில்லை.
– வாசகர், தூத்துக்குடி

ஆங்கில நாளிதழ்கள் நெடுங்காலம் ட்யூட்டிகோரின் என்றுதான் எழுதின. துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயர் வந்தது 2011-ல், அதற்கு முன் அது ட்யூட்டிகோரின் துறைமுகம். தூத்துக்குடி என்பதிலும் ஒரு 'கே', இரண்டு 'கே' என இரண்டு எழுத்துக்கூட்டல் உண்டு. 2020 ஜூனில் தமிழக அரசு ஊர்ப் பெயர்களுக்குப் புது ஆங்கில எழுத்துக்கூட்டல் அறிவித்து, சில நாளிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்தச் சில நாள் செய்திகளில் மூன்றாவது வடிவமும் வரக்கூடும். எல்லாவற்றையும் 'ஆர்' போட்டுக் கட்டுங்கள். திருச்சிக்கும் இதே கதைதான்: ஒரு நாளிதழ் கடைசியில் 'ஐ' போடும், இன்னொன்று 'ஒய்' போடும், அரசு அறிக்கை திருச்சிராப்பள்ளி என்று முழுப்பெயரை எழுதும்.

ஊர்ப் பெயரே இல்லாமல் வரும் செய்திகளும் உண்டு. ஸ்டெர்லைட் ஆலையைப் பற்றிய செய்தி டெல்லியிலிருந்து வந்தால் வேதாந்தா என்றுதான் தலைப்பு இருக்கும். நடுவில் 2013-க்குப் பிறகு கொஞ்ச காலம் சேசா ஸ்டெர்லைட் என்ற பெயரும் இருந்தது. மின்சாரக் கார் ஆலையைப் பற்றி வியட்நாமிலிருந்து வரும் செய்தியில் வின்ஃபாஸ்ட், தமிழ்நாடு என்று மட்டும் இருக்கலாம். நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தனியாக ஒரு தேடல் வையுங்கள்.

சத்யம் மோசடி வெளிவருவதற்கு முன்பே பத்திரிகைகளுக்கு ஏதாவது தெரிந்திருந்ததா என்று ஆராய்கிறேன். தேடினால் எல்லாமே பின்னால் எழுதப்பட்டவையாக வருகின்றன.
– இதழியல் மாணவர், சென்னை

தேதிதான் உங்கள் கருவி. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு மோசடியை ஒப்புக்கொண்டு எழுதிய கடிதம் 2009 ஜனவரி 7 அன்று வெளியானது. கையிருப்பிலும் வங்கியிலும் இருப்பதாகக் காட்டிய 5,361 கோடியில் 5,040 கோடி இல்லாத பணம் என்று அதில் இருந்தது. ஆகவே தேடலின் கடைசித் தேதியை ஜனவரி 6 என்று வையுங்கள். தொடக்கத் தேதி 2008 டிசம்பர் 16. அன்றுதான் ராஜு குடும்பத்தின் நிறுவனங்களான மேடாஸ் ப்ராப்பர்ட்டீஸ், மேடாஸ் இன்ஃப்ரா இரண்டையும் 160 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக சத்யம் அறிவித்தது. நியூயார்க்கில் அதன் பங்கு பாதிக்கும் கீழே விழ, மறுநாள் காலைக்குள் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

அப்புறம் வரிசையை மாற்றுங்கள். தரவுத்தளம் வழக்கமாகப் புதியதை முதலில் காட்டும். பழையது முதலில் என்று வைத்து, தலைப்பை மட்டும் ஒரே மூச்சில் படித்துக்கொண்டு வாருங்கள். முதலில் முதலீட்டாளர்களின் கோபம், பிறகு உலக வங்கி சத்யத்தை ஒப்பந்தங்களிலிருந்து விலக்கி வைத்த செய்தி, அதற்குப் பின் சுயேச்சை இயக்குநர்கள் ஒவ்வொருவராக விலகியது. மூன்று வாரச் செய்தியை இப்படி வரிசையாகப் பார்த்தால், நிர்வாகத்தின் மேல் எவ்வளவு சந்தேகம் இருந்தது, கணக்கின் மேல் எவ்வளவு குறைவாக இருந்தது என்பது தெரியும். பின்னாளில் எழுதிய எந்தக் கட்டுரையும் இதை அப்படியே தராது, ஏனென்றால் எழுதியவருக்கு முடிவு தெரிந்துவிட்டது.

மேடாஸ் என்பதைத் தனிச் சொல்லாகவும் தேடுங்கள். சத்யம் என்ற ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்ட பெயர் அது. அந்த நிறுவனங்களைப் பற்றிய 2008-க்கு முந்தைய செய்திகளில் சத்யம் என்ற பெயர் வராமலே போயிருக்கலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அங்கேதான் அதிக நேரம் செலவிடுவேன்.

ஒரு நிறுவனத்தைப் பற்றி எத்தனை செய்திகள் வந்தன என்று எண்ணி முனைவர் பட்ட ஆய்வில் பயன்படுத்தலாமா?
– ஆய்வாளர், மதுரை

மிகக் கவனமாக. பிடிஐ என்ற செய்தி நிறுவனம் அனுப்பிய ஒரே செய்தியைப் பல நாளிதழ்கள் தலைப்பை மாற்றிப் போடுகின்றன. தரவுத்தளத்தில் அது பல செய்தியாக நிற்கும். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துக் காட்டும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிட்டு எண்ணுங்கள். எந்த அளவில் போட்டீர்கள் என்பதை ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள். தேடல் வரியையும் தேடிய தேதியையும் அப்படியே எழுத வேண்டும், தரவுத்தளத்தில் பழைய ஆண்டுச் செய்திகள்கூடச் சேர்ந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும்.

போவது எப்படி என்று கேட்பீர்கள். 2001 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நியூயார்க் டைம்ஸுக்கு எதிராக டாசினி முதலானோர் தொடுத்த வழக்கில் தீர்ப்பு சொன்னது. சம்பளப் பட்டியலில் இல்லாத எழுத்தாளர்களின் கட்டுரைகளை அவர்கள் அனுமதி இல்லாமல் தரவுத்தளத்தில் சேர்க்க முடியாது என்று ஏழுக்கு இரண்டாகத் தீர்ப்பு வந்தது. அதன் பிறகு ஏராளமான பழைய கட்டுரைகளைத் தளங்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். அச்சில் இருக்கிறது, தளத்தில் இல்லை என்றால் இதுவும் ஒரு காரணம். படங்களும் வரைபடங்களும் எழுத்து வடிவப் பதிவில் பெரும்பாலும் வருவதில்லை. அட்டவணைதான் முக்கியம் என்றால் அச்சுப் பக்கத்தைத் தேடிப் போக வேண்டியதுதான்.

வெளிநாட்டுச் செய்தியில் தொகை வேறு, நம் செய்தியில் தொகை வேறு. எதை நம்புவது?
– வாசகர், சேலம்

பெரும்பாலும் இரண்டும் சரியாகத்தான் இருக்கும், ஆயிரம் கோடிதான் அங்கே பத்து பில்லியன். தொகையைப் போட்டுத் தேடாதீர்கள். காலாண்டிலும் கவனம்: நம் நிறுவனங்களின் மூன்றாம் காலாண்டு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஆப்பிளுக்கு அதே மாதங்கள் முதல் காலாண்டு.

தமிழிலேயே வணிகச் செய்தி தேட முடியுமா?
– வாசகி, தஞ்சாவூர்

முடியும், கொஞ்சம் பாடு உண்டு. பெரிய வெளிநாட்டுத் தரவுத்தளங்களை இதற்கு நம்ப வேண்டாம், நாளிதழ்களின் சொந்தத் தளத்தையும் கூகுளையும் பயன்படுத்துங்கள். 'நிறுவனம்' என்று கொடுத்தால் நிறுவனத்தின், நிறுவனத்துக்கு என்பவை பல தளங்களில் வராது. வேற்றுமை உருபு ஏறும்போது கடைசி 'ம்' போய்விடுகிறது. பகுதிச் சொல்லைப் பிடிக்கும் தளமாக இருந்தால் 'நிறுவன' வரை மட்டும் எழுதுங்கள். இல்லாவிட்டால் இரண்டு மூன்று வடிவங்களைத் தனித்தனியாகத் தேடுங்கள்.

வெளிநாட்டுப் பெயர் என்றால் இன்னும் கஷ்டம். மறைமலைநகர் ஃபோர்டு ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். சில நாளிதழ்கள் ஆய்த எழுத்து இல்லாமல் போர்டு என்றே எழுதும். அதைத் தேடினால் பள்ளிக்கூட போர்டு, மின்சார போர்டு எல்லாம் வரும். மறைமலைநகர் என்பதைச் சேர்த்தால் சுத்தமாகிவிடும். உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த 2021 செப்டம்பரையும், ஏற்றுமதிக்காகத் திரும்பத் திறப்பதாகச் சொன்ன 2024 செப்டம்பரையும் தேதி எல்லையாக வைத்து இரண்டு தேடல் போடலாம். ஹூண்டாய்க்குக் குறில், நெடில் இரண்டையும் போட வேண்டும். டாட்டாவுக்கு 'ட்' உள்ளதும் இல்லாததும்.

ரொம்பப் பழைய இணையச் செய்தி கிடைக்காததற்கு வேறு காரணம் இருக்கிறது. யூனிகோடு வருவதற்கு முன்பு ஒவ்வொரு நாளிதழும் தன் சொந்த எழுத்துருவில் ஏற்றியது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருந்தது வெறும் ஆங்கிலக் குறிகள். அவற்றை இன்றைய தேடுபொறி தமிழாகப் படிக்காது. நம் மொழியின் பத்தாண்டு வணிக வரலாறு இப்படிக் கண்ணில் படாமல் கிடக்கிறது என்பது எனக்குத் தீராத வருத்தம். யாராவது ஒரு பல்கலைக்கழகம் இதை எடுத்துச் செய்ய வேண்டும்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் பதிலே வந்துவிடுகிறதே?
– மாணவர், வேலூர்

கேளுங்கள், தவறில்லை. எந்தெந்தச் சொல்லைப் போட்டுத் தேடலாம் என்று கேட்டால் நல்ல பட்டியல் கொடுக்கும். ஆனால் அது சொல்லும் செய்தியின் மூலப் பக்கத்தைத் திறந்து, தேதியையும் நிறுவனத்தின் முழுப் பெயரையும் உங்கள் கண்ணால் பார்க்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். சுந்தரம் கிளேட்டன் கதையை மேலே படித்திருப்பீர்கள்.

ஓய்வூதியத்தில் கொஞ்சம் பங்கு வாங்கி வைத்திருக்கிறேன். எனக்கு எந்தத் தரவுத்தளமும் இல்லை. செய்தியை முதலில் எங்கே பார்ப்பது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு

ஐயா, நிருபர் எங்கே பார்க்கிறாரோ அங்கேயே நீங்களும் பார்க்கலாம். பட்டியலிடப்பட்ட நிறுவனம் முக்கியமான எதையும் பங்குச் சந்தைக்குச் சொல்லியாக வேண்டும் என்பது பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதி. இயக்குநர் குழு எடுத்த முடிவு என்றால் கூட்டம் முடிந்த 30 நிமிடத்துக்குள், சந்தை நேரம் முடிந்த பிறகு கூட்டம் முடிந்தால் 3 மணி நேரத்துக்குள். நிறுவனத்துக்குள்ளேயே நடந்த மற்ற நிகழ்வு 12 மணி நேரத்துக்குள், வெளியிலிருந்து வந்தது 24 மணி நேரத்துக்குள். காலாண்டு முடிவுக்கு 45 நாள், ஆண்டு முடிவுக்கு 60 நாள். இவை எல்லாம் பிஎஸ்இ தளத்தில் நிறுவன அறிவிப்புகள் என்ற பகுதியில் இலவசமாக இருக்கின்றன.

உங்கள் பங்கின் ஆறு இலக்க எண்ணைக் கொடுங்கள், டைட்டன் என்றால் 500114. தேதி எல்லையை ஓர் ஆண்டுக்கு வையுங்கள். விளம்பரப் பிரதி, முதலீட்டாளர் சந்திப்பு அட்டவணை என்று நிறைய வரும், அவற்றை விட்டுவிடுங்கள். மூன்றை மட்டும் திறந்து பாருங்கள்: கடன் மதிப்பீட்டில் மாற்றம், நிதித் தலைமை அதிகாரி விலகல், கணக்குத் தணிக்கையாளர் விலகல். தணிக்கையாளர் பதவிக்காலம் முடிவதற்கு முன்பே விலகினால் காரணம் எழுதிய அவருடைய கடிதத்தையும் சேர்த்துப் போட வேண்டும். அந்தக் கடிதத்தை முழுதாகப் படியுங்கள். கேட்ட தகவல் தரப்படவில்லை என்று ஒரு வரி இருந்தால், மறுநாள் நாளிதழில் வரும் வரை காத்திருக்க வேண்டாம்.